கருஞ்சடையனுக்குக் கண்ணீர் அஞ்சலி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது என் நெஞ்சில் ஊறி வந்த கதை அல்ல. ஒரு பத்திரிகையில் விலங்குகள் சிறப்பிதழ் போடுகிறார்கள். யானை, புலி, காக்கை எல்லாவற்றையும் பெரிய எழுத்தாளர்கள் முன்பதிவு செய்துவிட்டார்கள். மிச்சம் கிடந்தது சிங்கம். "உங்களுக்குத்தான் சிங்கத்தோட நல்ல பழக்கமாச்சே சார்" என்றார் ஆசிரியர், போனில். என் பழக்கம் இவ்வளவுதான்: வண்டலூரில் ஒருமுறை அதன் முதுகைப் பார்த்திருக்கிறேன். தூங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் அவர் பேச்சிலும் நியாயம் உண்டு. விருத்தாசலத்தில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு காட்டு விலங்குப் படங்களுக்குத் தமிழில் பின்குரல் எழுதிக்கொடுப்பது என் பிழைப்பு. சென்னையிலிருந்து ஒரு ஸ்டுடியோ படத்தை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரர் குழந்தையைத் தூங்கவைப்பதுபோல் மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பார். அதைத் தமிழில் நான் உறுமவைக்க வேண்டும். "மாஸா இருக்கணும் சார்" என்பதுதான் அவர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே இலக்கணம்.

ஆக, சிங்கக் கதை. ஆரம்பித்தேன்:

ஆப்பிரிக்கப் புல்வெளியின் மேல் சூரியன் தங்கத் தாம்பாளமாய் எழ, தூரத்தில் மூன்று பிடரிகள் காற்றில் —

(அடித்துவிட்டேன். என் எழுத்தில் தங்கத் தாம்பாளம் வந்தால், தெரியாத இடத்தில் நின்றுகொண்டு புளுகுகிறேன் என்று அர்த்தம்.)

ஆண் சிங்கங்கள் தனியாக ஆள்வதில்லை. அண்ணன் தம்பிகள் இரண்டு மூன்று பேர் கூட்டணி அமைத்து, ஒரு எல்லையைப் பிடித்து —

(இதை டீக்கடையில் ஒருவருக்குப் படித்துக் காட்டினேன். "தொகுதிப் பங்கீடு முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார். இதையும் அடித்தேன். ஆனால் கூட்டணிக்கு வேறு சொல் இல்லை. பிறகு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் ஊர் செராமிக் எஸ்டேட்டில், நான் சொன்ன அந்த டீக்கடைக்கு எதிரே ஒரு சின்னக் கம்பெனி. ஒரு கொட்டகையில் ஃபியூஸ் கட்டை, இன்னொன்றில் பொம்மை. பொம்மைக் கொட்டகையில் அன்புச்செல்வன் களிமண் குழம்பை அச்சில் ஊற்றுவான். இறுகியதும் அச்சைப் பிரித்தால் சிங்கம். உள்ளே வெறும் காற்று. அந்த ஈரச் சிங்கத்தைக் கனகா மடியில் வைத்துக்கொண்டு, அச்சு சேர்ந்த இடத்தில் முதுகோடு ஓடும் கோட்டை ஸ்பாஞ்சால் துடைத்து எடுப்பாள். அப்புறம் சூளை. சூளைக்குப் பொறுப்பு பச்சமுத்து.

கனகாவின் புருஷன் தங்கதுரை அதே கம்பெனியில் லோடு ஏற்றியவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுவலியில் போய்விட்டான். மகள் காவியா நாலாம் வகுப்பு. ஸ்கூல் விட்டதும் நேராகக் கம்பெனிக்கு வந்து, அம்மா பக்கத்தில் குந்தி வீட்டுப்பாடம் எழுதுவாள்.

அன்புச்செல்வனுக்குக் கனகாவைக் கட்டிக்கொள்ள ஆசை. இது கம்பெனிக்கே தெரியும். கனகா சொன்ன பதிலும் கம்பெனிக்கே தெரியும்: "பாப்பா சரின்னா எனக்கும் சரி."

பாப்பாவும் ஏறக்குறைய சரி என்றுதான் சொல்லியிருந்தாள். பெரிய மனுஷிபோல, "ஆடி கழியட்டும்" என்றாளாம்.

ஆக, கதையில் தொங்கிக்கொண்டிருப்பது இதுதான், அந்தக் குழந்தையின் 'சரி'. சிங்கத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தேன் என்பதை நான் மறந்துவிடவில்லை. ஆடி கழிவதற்குள் குறுக்கே வந்தது சிங்கம்தான். அதுவும் நான் எழுதிய சிங்கம்.

3

வாரம் ஒரு எபிசோடாக யூடியூபில் ஓடிய தொடர் அது. ஆற்றங்கரையில் ஒரு பெரிய எல்லை. ஆள்வது மூன்று அண்ணன் தம்பிகள். மூத்ததற்குப் பிடரி கறுப்பு. நான் அதற்குக் கருஞ்சடையன் என்று பெயர் வைத்தேன்.* எல்லைக்கு வெளியே அலைந்துகொண்டிருந்த இரண்டு இளம் ஆண்களுக்கு இரட்டையர் என்று பெயர். அவர்களுக்கு இடம் வேண்டும். இடம் சும்மா கிடைக்காது.

இதில் என்னை நிஜமாகவே அசத்திய விஷயம் ஒன்று உண்டு. சிங்கம் கத்துவது அக்கம்பக்கத்துச் சிங்கங்களுக்காக. கேட்கிற சிங்கம் எத்தனை குரல் என்று எடைபோடும். தங்கள் ஆளைவிடக் கூடுதல் என்றால் சத்தமில்லாமல் திரும்பிவிடும். குறைச்சல் என்றால் கிளம்பி வரும். எபிசோடுக்கு எபிசோடு கருஞ்சடையனும் தம்பிகளும் மூன்று குரலில் கத்துவார்கள். இரட்டையர் நின்று கேட்டுவிட்டுத் திரும்புவார்கள். புதர் புதராக மூத்திரம் பெய்து எல்லைக் கல் நடுவதை இரண்டு தரப்பும் விடவில்லை.

டீ நேரத்தில் ஒரு போனைச் சுற்றிக் கம்பெனியே உட்காரும். சீக்கிரத்தில் கம்பெனியும் இரண்டாகப் பிரிந்தது. அச்சுக் கொட்டகை 'கருஞ்சடையன் பேரவை'. தலைவர் அன்புச்செல்வன். சூளைப் பக்கம் 'இரட்டையர் நற்பணி மன்றம்'. தலைவர் பச்சமுத்து. அன்புச்செல்வன் பொம்மைச் சிங்கங்களுக்குப் பிடரியில் கறுப்புத் தீட்ட, பச்சமுத்து சூளை வாசலில் மறித்தான். "ஓனர் குடுத்த ஆர்டர்ல கறுப்பு இல்ல. உள்ள வுட மாட்டேன்." அப்புறம் சூளைப் பக்கமிருந்து கேட்டில் ஒரு ஃப்ளெக்ஸ் வந்தது: 'எல்லை எங்கே? எதிரி எங்கே? இரட்டையரே வருக!' கீழே நம்ம பச்சமுத்து கூலிங் கிளாஸோடு கும்பிட்டபடி.

இதெல்லாம் நான் எழுதியதால் வந்த வினை, எங்கே போய் முடியும் என்று தெரியாமல், அதே டீக்கடையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

*மூலப் படத்தில் அதற்கு வெறும் நம்பர்தான். நம்பருக்கு யாரும் ஃப்ளெக்ஸ் வைக்க மாட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

4

அன்புச்செல்வன்மேல் எனக்கு ஒரு சந்தேகம். கதைக்கு அவன் கொஞ்சம் அதிகமாகவே நல்லவன்.

வாசகர்கள் நம்ப மாட்டார்கள். அதனால் அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் கொடுக்கலாம் என்று விசாரித்தேன். குடிக்கிறானா? "மாசிமகத்துக்கு ஒரு தடவ, அதுவும் வாந்தி எடுத்துட்டான்" என்றார் டீக்கடைக்காரர். கோபம்? பச்சமுத்துவிடம் மட்டும், அதுவும் சிங்கத்துக்காக. கடைசியில் ஒரே ஒரு குறை கிடைத்தது. எதையும் சரிபார்க்க மாட்டான். சொல்லிவிட்டால் நடந்துவிடும் என்று நம்பிவிடுவான். இதை எழுதிவைத்துக்கொள்கிறேன், உதவும்.

சூளையில் காது உடைந்த ஒரு சிங்கத்தை எடுத்துக் கறுப்புத் தீட்டிக் காவியாவிடம் கொடுத்திருக்கிறான். "இதுதான் கருஞ்சடையன் பாப்பா. சண்டையில காது போயிடுச்சு. ஆனா செயிச்சிட்டு வந்துட்டான்." அவள் அதை ஸ்கூல் பையிலேயே வைத்திருந்தாள். கணக்கு டீச்சர் செல்வநாயகி பிடுங்கி மேசைமேல் வைக்க, இவள் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்து வாங்கிக்கொண்டுதான் வந்தாளாம்.

5

கருஞ்சடையன் செத்த எபிசோடு.

ஒரு தம்பியைக் காட்டெருமை முட்டித் தூக்கிப் போட்டிருந்தது. இன்னொரு தம்பி ஒரு பெண் சிங்கத்தின் பின்னால் எங்கேயோ போயிருந்தான். அன்றைக்குக் கருஞ்சடையன் தனியாகக் கத்தினான். இரட்டையர் நின்றார்கள், கேட்டார்கள், இந்த முறை திரும்பவில்லை. ஆற்றங்கரையில் வைத்து முடித்தார்கள். நான் எழுதியது: "ஒற்றைக் குரலுக்குக் காட்டில் எல்லை கிடையாது."

அன்புச்செல்வன் அழுதான். எழுந்துபோய் அச்சுக்குப் பின்னால் நின்று அழுதான். பிறகு பாலக்கரையில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கோகுலகிருஷ்ணனுக்குப் போன் போட்டான். "கண்ணீர் அஞ்சலி ஒண்ணு அடிக்கணும். அன்னிக்கு தங்கதுரைக்கு அடிச்சோமே, அதே மாரி நல்லா பண்ணிக் குடு. படமும் பேரும் அனுப்பறேன்."

கோகுலகிருஷ்ணன் சொன்னபடியே செய்தான். தங்கதுரையின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலியைக் கம்ப்யூட்டரில் திறந்தான். தங்கதுரையை எடுத்துவிட்டுச் சிங்கத்தை வைத்தான். பெயரை மாற்றினான். ஆண்டு நினைவை எடுத்துவிட்டுக் கண்ணீர் அஞ்சலி என்று போட்டான். மாலை, குத்துவிளக்கு, மேகத்தின் மேல் பறக்கும் புறா எல்லாம் அப்படியே இருந்தன. அடிவரியும் அப்படியே இருந்தது.

காலையில் கம்பெனி கேட்டில் தொங்கியது: கண்ணீர் அஞ்சலி. கருஞ்சடையன். மாலை போட்ட சிங்கம். கீழே, 'உங்கள் பிரிவால் வாடும் மனைவி கனகா, மகள் காவியா'.

அன்பு கட்டியதும் சரிபார்க்காமல்தான். கம்பெனி சிரித்தது. ரோட்டில் போன மங்கலம்பேட்டை பஸ்ஸே வேகம் குறைந்ததாகச் சொல்கிறார்கள். கனகா வந்தாள், படித்தாள். கயிற்றைத் தானே அவிழ்த்து, படம் உள்ளே போகும்படி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். அதற்குள், ஸ்கூலுக்குப் போகிற வழியில் அம்மாவோடு வந்திருந்த காவியா படித்துவிட்டிருந்தாள். நாலாம் வகுப்பு என்றால் எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயது தாண்டியாயிற்று.

பஸ் விஷயம் மட்டும் என் கைச்சரக்கு. அது வேகம் குறையவே இல்லை.

6

(இந்தப் பகுதியைத் தவிர்க்கலாமா என்று பார்த்தேன். முடியவில்லை.)

அடுத்த எபிசோடில் இரட்டையர் எல்லையைப் பிடிக்கிறார்கள். கருஞ்சடையனின் குட்டிகளைத் தேடிப் பிடித்துக் கொல்கிறார்கள். சிங்கத்தில் இது நடப்பதுதான். குட்டிகள் போனால்தான் தாய்கள் மறுபடி இவர்களோடு சேரும், இவர்களுக்கென்று வாரிசு பிறக்கும். வெள்ளைக்காரர் இதைச் சொல்லும்போது 'பல நேரங்களில்' என்று ஒரு சொல் போட்டிருந்தார். அது மாஸாக இல்லை. எடுத்துவிட்டேன். நான் எழுதியது இப்படி வந்தது:

"புதிதாக வந்தவன் பழையவனின் குட்டிகளை விட்டுவைப்பதில்லை. அது காட்டின் சட்டம்."

ஸ்டுடியோவில் கைதட்டினார்களாம். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

டீ நேரம். எல்லாரும் போனைச் சுற்றி இருக்கிறார்கள். ஃப்ளெக்ஸில் மனைவி கனகா, மகள் காவியா என்று படித்த குழந்தை, இந்த வரியையும் கேட்டது. கேட்டுவிட்டுக் கூட்டத்துக்கு நடுவில் அம்மாவிடம் கேட்டது:

"அன்பு மாமா நம்ப வூட்டுக்கு வந்தா என்னிய என்னா பண்ணுவாரு?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் கனகா அன்புச்செல்வனிடம் சொல்லிவிட்டாள்: "பாப்பா பயப்புடுது. வேணாங்க."

7

ஆபத்து வந்தால் எதிரிகளும் கூட்டணி சேர்வார்கள் என்பதற்கு என் வீட்டு மாடிப்படியே சாட்சி. அன்புச்செல்வனும் பச்சமுத்துவும் ஒன்றாக ஏறி வந்தார்கள். தொடரை எழுதுபவன் இங்கேதான் இருக்கிறான் என்று டீக்கடைக்காரர் போட்டுக்கொடுத்திருந்தார்.

"சார், நீங்கதான் அதெல்லாம் எழுதறதா?" என்றான் பச்சமுத்து.

"தமிழ் மட்டும்."

"அப்ப அடுத்த எபிசோடுல ரெட்டையர் ஒரு குட்டிய காப்பாத்தற மாரி எழுதிடுங்க. தூக்கி வளக்கற மாரி. எங்க ஆளுங்கதான் சார், செய்வாங்க."

"பச்சமுத்து, படம் எப்பவோ எடுத்து முடிச்சாச்சு. நான் சொன்னா சிங்கம் கேக்காது."

"சிங்கம் கேக்க வேணாம் சார்" என்றான் அன்பு. அவன் உட்காரவே இல்லை. "பாப்பா கேட்டா போதும். நீங்க சொன்னத நம்பிடுச்சு. இனிமே சொல்றதயும் நம்பும். என்னியப் பாத்தா இப்ப அம்மா முந்தானைக்குப் பின்னாடி போவுது சார். அந்தக் காது போன சிங்கத்தக்கூட எங்க வெச்சிருக்குன்னு தெரியல."

பார்க்கிறேன் என்றேன். பார்க்கிறேன் என்றால் முடியாது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். படியிறங்கும்போது பச்சமுத்து அவன் தோளில் கை போட்டுக்கொண்டு போனான்.

8

அதற்கடுத்து வந்தவள் கனகா. கையைப் பிடித்தபடி காவியா.

"சார், சிங்கத்த மாத்தி எழுதச் சொல்லி அவங்க வந்தாங்களாமே. மாத்தாதிங்க. நாளைக்கு இது பெரிசாயி நெசத்தத் தெரிஞ்சிக்கிச்சுன்னா உங்களயும் நம்பாது, என்னியும் நம்பாது."

உட்காரச் சொன்னேன். காவியாவைப் பால்கனிப் பக்கம் அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"மூணு வருசமா எங்க வூட்டுல ஒத்தக் கொரலுதான் சார் கேக்குது. ஒத்தக் கொரலுன்னு தெரிஞ்சா எவனெவனோ எட்டிப் பாக்கறான். தண்ணி கேக்கறான், அட்ரஸு கேக்கறான். ஏன்னு உங்க சிங்கத்தப் பாத்தப்பதான் புரிஞ்சிது. அதுக்காவதான் இவரக் கட்டிக்கலாம்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "அதுக்காவ மட்டும் இல்ல. புடிச்சிதான் இருந்துச்சு. அத வேற யாருகிட்டயும் சொல்லல."

ஒரு எழுத்தாளனாக இந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன்.

காவியா எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியவில்லை. "சார், குட்டிய கடிக்கறப்ப அந்த அம்மா சிங்கம் சும்மாவா இருந்துச்சு?"

"எல்லா அம்மாவும் சும்மா இல்ல பாப்பா. ஒண்ணு குட்டிங்கள கூட்டிக்கிட்டு முன்னாடியே கெளம்பிடுச்சு. கடைசி எபிசோடுல வருது."

"அது பேரு என்னா?"

இத்தனை எபிசோடு எழுதியும் பெண் சிங்கங்களில் ஒன்றுக்குக்கூட நான் பெயர் வைக்கவில்லை. சண்டை போடுகிறவர்களுக்கு மட்டும்தான் வைத்திருந்தேன்.

"நான் வெக்கட்டா?" என்றாள். யோசிக்கவே இல்லை. "செல்வநாயகி."

"டீச்சர் பேரா?"

"ஆமா. அவங்ககிட்ட யாரும் வாலாட்ட முடியாது."

9

கடைசி எபிசோடு என்னிடம் இருந்தது. செல்வநாயகி மூன்று குட்டிகளோடு எல்லையை விட்டு வெளியேறி, யாருக்கும் சொந்தமில்லாத வறண்ட பூமியில் திரிகிறாள். கத்துவதே இல்லை. கத்தினால் ஒற்றைக் குரல் என்று தெரிந்துவிடும். மழை பிடிக்கும் நேரத்தில், இரட்டையரில் ஒருவன் மோப்பம் பிடித்து வந்து எதிரே நிற்கிறான். அவளுக்குப் பின்னால் புதர். புதருக்குள் குட்டிகள். அவன் ஒரு அடி எடுத்து வைக்கிறான். அத்தோடு படம் நின்றுவிடுகிறது. ஆற்றில் வெள்ளம், ஜீப் போக முடியவில்லை. என்ன ஆயிற்று என்று எங்களுக்கும் தெரியாது என்கிறார் வெள்ளைக்காரர்.

"இங்க ஒரு பஞ்ச் வேணும் சார்" என்று ஸ்டுடியோ கேட்டது. எழுதிப் பார்த்தேன்.

"தாயின் கண்ணைப் பார்த்த வேந்தன் தலைகுனிந்தான்." பச்சமுத்துவுக்குப் பிடிக்கும். பொய்.

"காட்டின் சட்டம் மறுபடி வென்றது." இதுவும் பொய். வென்றதா என்று எவனுக்குத் தெரியும்?

"அவன் திரும்பிப் போனான், ஏனென்றால் அன்பு —" (சீ.)

"பல நேரங்களில் —" (எடுத்து எறிந்த சொல்லைக் குப்பையிலிருந்து பொறுக்கிப் பார்த்தேன். தனியாக நிற்கவில்லை.)

முடிவில் அந்த இடத்தை வெறுமையாக விட்டு அனுப்பினேன். "என்ன சார், வசனமே இல்ல? அதுவும் சிங்கத்துக்குப் போயி செல்வநாயகின்னு?" என்றார்கள். பெயர் மாஸாக இருக்கிறது என்று சாதித்தேன். பெயரை ஒப்புக்கொண்டார்கள். பேச்சில்லாத இடத்தில் மட்டும் உடுக்கைச் சத்தத்தைப் போட்டு நிரப்பிவிட்டார்கள்.

10

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எபிசோடு வந்துவிட்டது. கனகா வீட்டில் பார்க்கலாம் என்று ஏற்பாடு செய்தது பச்சமுத்து. "நானும் கூட இருக்கேன்க்கா, பாப்பா பயப்புடாது" என்று கெஞ்சி அன்புவையும் இழுத்து வந்துவிட்டான். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

ஷீட்டு போட்ட வீடு. தூறல். வாசலில் நனையாமல் இருக்கக் கனகா அந்த ஃப்ளெக்ஸை இழுத்துக் கட்டியிருந்தாள், படம் கீழ்ப்பக்கம். அண்ணாந்தால் மாலையோடு கருஞ்சடையன், ஓரத்தில் மனைவி, மகள். நல்ல ஃப்ளெக்ஸை யார் வீணடிப்பார்கள்? அதன் அடியில்தான் உட்கார்ந்தோம். கனகா சுவரோரம், அவள் மடியில் சாய்ந்து காவியா. அன்புச்செல்வன் எதிர்மூலையில், இவ்வளவு தள்ளி உட்கார்ந்தால் போதுமா என்று கேட்பதுபோல் ஒடுங்கி.

செல்வநாயகி என்ற பெயர் போனில் ஒலித்ததும் காவியா என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு மழை, புதர், எதிரே அவன். ஒரு அடி. உடுக்கை. படம் முடிந்தது.

காவியா போனை எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள். அப்புறம், என்னை அல்ல, எதிர்மூலையைப் பார்த்துக் கேட்டாள்.

"மாமா, அது குட்டிய என்னா பண்ணும்?"

பச்சமுத்து அவன் விலாவில் இடித்தான். ஒண்ணும் பண்ணாது என்று சொல்லிவிடு, அவ்வளவுதான், கல்யாணம் முடிந்தது. நானே உள்ளுக்குள் அந்த வசனத்தை எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எதையும் சரிபார்க்காத அன்புச்செல்வன் இந்த ஒருமுறை நேரம் எடுத்துக்கொண்டான்.

"தெரியல பாப்பா" என்றான். "பண்ணாலும் பண்ணும். நீ அம்மாவ வுட்டு நவுராத."

கனகா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

காவியா எழுந்தாள். ஸ்கூல் பையைத் திறந்து, அடியிலிருந்து காது போன சிங்கத்தை எடுத்தாள். அம்மாவைப் பார்த்தாள். அன்புச்செல்வனுக்கும் அவளுக்கும் நடுவில் சின்ன வாசல்தான், நாலு எட்டில் கடந்துவிடலாம். ஒரு அடி எடுத்து வைத்தாள். பொம்மையைத் திருப்பிக் கொடுக்கவா, கொண்டுபோய் அவன் பக்கத்தில் உட்காரவா?

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். இதற்குமேல் எழுத எனக்குத் தைரியம் இல்லை. ஒரு வரி எழுதி நான் பட்டது போதும். அடுத்த வரி உங்களுடையது. மாஸாக எழுதுவீர்களோ, மெதுவாக எழுதுவீர்களோ, உங்கள் இஷ்டம். எழுதுமுன் இது மட்டும் ஞாபகமிருக்கட்டும்: நீங்கள் எழுதுவதை அந்தக் குழந்தை அப்படியே நம்பிவிடும்.